சித்திரையில் நிறுத்திய நடை: கோடையில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் அப்பா வருஷத்தில் ஒன்பது மாதம் ஒருநாள்கூடத் தவறாமல் நடப்பவர். சித்திரை பிறந்துவிட்டால் போதும், "ஆடிக் காத்து வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று வாக்கிங் செருப்பை ஓரமாக வைத்துவிடுவார். போன வருஷமும் அப்படித்தான், மூன்று மாதம் ஃபேனுக்குக் கீழே நாற்காலி, எதிரே டி.வி. ஜூலையில் ஒருநாள் காலையில் பால் வாங்கிக்கொண்டு வந்தவர் இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். பால் பாக்கெட்டிலிருந்து தண்ணீர் படியில் சொட்டிக்கொண்டிருக்கிறது, மூச்சு அடங்கவே இல்லை. எங்கள் வீடு மூன்றாவது மாடி, மார்ச் வரைக்கும் அதே படியை ஒரே மூச்சில் ஏறி வந்தவர் அவர். டாக்டர் பார்த்துவிட்டு இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை, காலுக்கு வேலையே கொடுக்காமல் விட்டதுதான் என்றார். சுகரும் ஏறியிருந்தது.

என்னைக் கேட்டால் கோடையில் நாம் செய்யும் தவறுகளில் பெரியது இதுதான். வெயிலுக்குப் பயந்து மூன்று மாதம் உடம்பை மூட்டை கட்டி வைத்துவிடுகிறோம். வயதானவர்களுக்குத் தசை குறைவது சீக்கிரம், திரும்ப வருவது ரொம்ப மெதுவாக. அதோடு போவது நடை மட்டுமா? சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போவது, பேரப்பிள்ளையைத் தூக்குவது, ராத்திரி அசந்து தூங்குவது எல்லாமே போய், எதைச் சொன்னாலும் "அலுப்பா இருக்கு" என்ற ஒரு வார்த்தைதான் மிஞ்சுகிறது.

இதற்கு நேர்மாறாக வீராப்பு காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மார்ச்சில் காலை ஏழரைக்கு எந்த வேகத்தில் நடந்தார்களோ அதே ஏழரை, அதே வேகம். மே மாதம் சென்னையில் 5.45 வாக்கில் சூரியன் வந்துவிடுகிறது, ஏழரைக்குள் வெயில் உறைக்க ஆரம்பித்துவிடும். ஐந்தே காலுக்கு இறங்கி ஆறே காலுக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், அதற்கு ராத்திரி பத்து மணிக்காவது படுக்க வேண்டும். பன்னிரண்டு வரை மொபைலைப் பார்த்துவிட்டு விடிகாலை அலாரம் வைத்து எழுந்து நடந்தால், தூக்கம் கெட்ட உடம்பு வெக்கையை இன்னும் மோசமாகத்தான் தாங்கும்.

டிகிரியை மட்டும் பார்ப்பதும் தவறு. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், சொட்டிக் கீழே விழுகிற வியர்வையால் பிரயோஜனமில்லை. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டே இருக்கும், ஆறவே ஆறாது. அதனால் இங்கே 34 டிகிரியில் படும் பாடு சில நாள் வேலூரின் 38-ஐவிட மோசமாக இருக்கும். புழுக்கமான நாளில் பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே போக முடிகிற வேகம் போதும். வெயில் ஏற ஆரம்பித்ததும் உடம்பு அதற்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும், அதுவரை தூரத்தையும் குறையுங்கள். அப்புறம் தயவுசெய்து, கொழுப்பு கரையும் என்று பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். குறைவது தண்ணீர் எடை, குடித்ததும் திரும்பிவிடும், அதற்குள் உடம்பு சூடேறி ஆபத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

சாயங்காலம்தான் வசதி என்பவர்கள் வெயில் இறங்கியதும் கிளம்பிவிடுகிறார்கள். ஐந்தரைக்கு மொட்டை மாடித் தளத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள், ஐந்து நொடி தாங்காது. பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் தாரும் கான்கிரீட்டும் அப்போதுதான் திருப்பி விடுகின்றன. மண் தரை, மரம் உள்ள பூங்கா, கடல் காற்று வரும் இடம் என்று பார்த்துப் போங்கள். கத்திரி முடிந்தால் வெயிலும் போய்விட்டது என்ற நினைப்பும் வேண்டாம். மே 4-இல் தொடங்கி அந்த மாதக் கடைசியில் கத்திரி விடைபெறும், ஆனால் சென்னையில் 45 டிகிரி பதிவானது கத்திரி முடிந்த பிறகு, 2003 மே 31-இல். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிடுவதால் நமக்கு ஜூனும் கோடைதான்.

தண்ணீர் விஷயத்தில் தாகம் எடுத்தால் குடிக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள், வயதானால் தாகமே சரியாகத் தெரியாது. கிளம்பும் முன் ஒரு டம்ளர், வந்ததும் உப்புப் போட்ட நீர்மோரோ நீராகாரமோ. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தினமும் குடிக்கக் கூடாது. நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்களும் எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கெண்டைக்கால் பிடித்தாலோ தலை சுற்றினாலோ குமட்டினாலோ "இன்னும் ஒரு ரவுண்டுதானே" என்று போகாதீர்கள், நிழலில் உட்காருங்கள். பேச்சு குழறி, ஆள் தடுமாறி, உடம்பு அனலாகக் கொதித்தால் உடனே 108-க்குக் கூப்பிட்டுவிட்டு உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

குழந்தைகளை லீவில் நீச்சலுக்கு அனுப்புங்கள், ஆனால் கற்றுக்கொடுப்பவர் கூட இருக்கும் இடத்துக்கு மட்டும். ஆழம் தெரியாத கல்குவாரியும் கிணறும் வருஷா வருஷம் பிள்ளைகளைக் கொண்டுபோகின்றன.

இன்னொன்று, உடற்பயிற்சி என்றாலே வாக்கிங்தான் என்று நினைக்கிறோம். அம்மா ராத்திரியே கூழ் கிளறி வைத்துவிட்டு விடிகாலை ஐந்தரைக்கு மாடிக்குப் போய்விடுவார். அப்போது தளம் குளிர்ந்து கிடக்கும். பழைய வேட்டியை விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்து, குந்தி உட்கார்ந்தபடி ஒவ்வொரு கரண்டியாக வடாம் ஊற்றிக்கொண்டே நகருவார். குந்துவதும் எழுவதுமாக முக்கால் மணி நேரம், தொடைக்கு இதைவிட வேலை வேண்டுமா? இந்த வருஷம் அப்பாவும் நடந்துவிட்டு நேராக மாடிக்கு வந்துவிடுகிறார். செங்கல் எடுத்து வைப்பதும், சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்து வடாமை உரிப்பதும் அவர் வேலை. பாதி காய்ந்த வடாமை எடுத்து வாயில் போட்டுக்கொள்வதும்தான்.