எழுத்து அதே, சொல் வேறு: ஆங்கிலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவ அறிக்கை ஒன்றில் 'க்ளினிகல் ட்ரையல்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'க்ளினிகல் ட்ரெயில்' என்று விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலாவது சோதனை, இரண்டாவது ஏதோ ஒரு தடம். கணினியின் ஸ்பெல் செக் இதைக் கண்டுகொள்ளாது. டீ, ஆர், ஏ, ஐ, எல் என்ற ஐந்து எழுத்துகளும் சரியாக இருக்கின்றன, இரண்டு சொற்களும் அகராதியில் இருக்கின்றன. அப்புறம் அது எதற்குச் சிவப்புக் கோடு போடப் போகிறது?

ஒரு சொல்லின் எழுத்துகளையே இடம் மாற்றிப் போட்டால் கிடைக்கும் இன்னொரு சொல்லை அனகிராம் என்பார்கள். புதிர் போடுகிறவர்களுக்கு அது விளையாட்டு. ஆங்கிலத்தில் மின்னஞ்சலும் அறிக்கையும் எழுதியாக வேண்டியவர்களுக்கு அது வம்பு.

ஸ்பெல் செக்கை முழுசாக நம்புவதுதான் முதல் தவறு. ஃப்ரம் என்பது படிவத்தைக் குறிக்கும் ஃபார்ம் ஆகிவிட்டால் பெரிய நஷ்டம் இல்லை, படிக்கிறவரே திருத்திக்கொண்டு போய்விடுவார். டைரி, டெய்ரியாக மாறினால் சிரித்துவிட்டு விடலாம். 'காஸல் ரிலேஷன்ஷிப்' விஷயம் அப்படியல்ல. ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாக இருக்கிறது என்று அழுத்திச் சொல்ல வந்த கட்டுரையில், யூவும் எஸ்ஸும் இடம் மாறி 'காஷுவல் ரிலேஷன்ஷிப்' ஆகிவிட்டால், ஏதோ பட்டும் படாத உறவு என்று பொருள் வந்துவிடும். வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே இருப்பதால், சூழலைப் பார்த்து எச்சரிக்கும் இலக்கணச் சரிபார்ப்பும் இங்கே கோட்டைவிடலாம். ராணுவச் சட்டமான 'மார்ஷியல் லா' திருமணம் சார்ந்த 'மேரிட்டல் லா' ஆவதும், புனிதமான 'சேக்ரட்' பயந்துபோன 'ஸ்கேர்ட்' ஆவதும், ஒன்றிணைந்த 'யுனைட்டெட்' அவிழ்ந்துபோன 'அன்டைட்' ஆவதும் இதே ரகம்தான்.

நம் கண் மட்டும் ஏன் இதைப் பிடிப்பதில்லை? மேலே சொன்ன ஜோடிகளை எழுதிப் பாருங்கள். எல்லாவற்றிலும் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அசையவில்லை. குழப்பமெல்லாம் நடுவில்தான். 'முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சரியாக இருந்தால் போதும், நடுவில் எப்படிக் கலைத்தாலும் படித்துவிடலாம், கேம்பிரிட்ஜ் ஆய்வு சொல்கிறது' என்று 2003 முதல் சுற்றிவரும் செய்தியைப் பலர் பார்த்திருப்பீர்கள். கேம்பிரிட்ஜில் அப்படி ஓர் ஆய்வு நடக்கவில்லை. எழுத்துகளின் இடம் பற்றி கிரஹாம் ராலின்சன் 1976இல் ஆய்வேடு எழுதியது நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில். கலைத்துப் போட்டால் வேகம் குறையத்தான் செய்கிறது. கீத் ரேனரும் சக ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட கட்டுரையின்படி, நடு எழுத்துகள் மாறியபோது வாசிப்பு வேகம் சுமார் 11 சதவீதம் குறைந்தது, தொடக்க எழுத்துகள் மாறியபோது சுமார் 36 சதவீதம். நடுவில் நடக்கும் மாற்றம் அவ்வளவாக உறுத்தாது என்பது இதிலிருந்தே தெரிகிறது. நாமே எழுதியதை நாமே படிக்கும்போது இன்னும் மோசம். என்ன எழுத நினைத்தோமோ அதைத்தான் கண் படிக்கும்.

அடுத்த தவறு, இந்தச் சொற்களை ஜோடி ஜோடியாக மனப்பாடம் செய்வது. ஏஞ்சல், ஆங்கிள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்து முறை எழுதினால், கடைசியில் எது எது என்ற சந்தேகம்தான் மிஞ்சும். என்னைக் கேட்டால் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே, அதன் ஒலியோடு பிடித்துக்கொள்வது மேல். ஏஞ்சலில் 'ஜ' ஒலி கேட்கிறது. ஜி என்ற எழுத்துக்கு அடுத்து ஈ வந்தால் அது பெரும்பாலும் அப்படி மென்மையாக ஒலிக்கும், ஆகவே அதில் ஜிக்குப் பின் ஈ. ஆங்கிளில் அழுத்தமான 'க' கேட்கிறது, அதில் ஜிக்குப் பின் எல். டைரி என்னும்போது 'டை' முதலில் வருகிறது, எனவே டிக்கு அடுத்து ஐ. ட்ரையலிலும் 'ட்ரை' கேட்கிறது, ஆருக்கு அடுத்து ஐ. டெய்ரியிலும் ட்ரெயிலிலும் ஏயும் ஐயும் அந்த வரிசையிலேயே சேர்ந்து நின்று ஒரே ஒலியைத் தருகின்றன.

ஒலி கைகொடுக்காத இடத்தில் உள்ளே ஒளிந்திருக்கும் சொல்லைத் தேடலாம். காஸலுக்குள் 'காஸ்' இருக்கிறது, காரணம். யுனைட்டெட்டுக்குள் 'யுனைட்', அன்டைட்டுக்குள் கட்டப்பட்ட என்னும் 'டைட்', ஸ்கேர்டுக்குள் 'ஸ்கேர்'. குவையட், குவைட் ஜோடிக்கு மட்டும் அசையை எண்ணுங்கள். அமைதியைக் குறிக்கும் குவையட்டில் ஈ நடுவில் ஒலிக்கிறது, 'மிகவும்' என்ற பொருளில் வரும் குவைட்டில் கடைசியில் மௌனமாக நிற்கிறது.

பிழை திருத்தக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள் என்று ஒரு யோசனை சொல்வார்கள். சாதாரண எழுத்துப் பிழைக்கு அது நல்லது. இங்கே பெரிதாக உதவாது, ஏனென்றால் தனியாகப் பார்த்தால் ட்ரெயில் சரியான சொல்தானே! அதைவிட, கணினியையே உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த ஜோடிகள் எழுத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் ஒலியில் வேறு, இயந்திரமும் இருப்பதைத்தான் படிக்கும். உங்களுக்கு அடிக்கடி புரளும் இரண்டு மூன்று சொற்களை 'ஃபைண்ட்' வசதியில் தேடிப் பார்ப்பதும் எளிது. மைக்ரோசாஃப்ட் வேர்டில் 'எக்ஸ்க்ளூஷன் டிக்ஷனரி' என்ற கோப்பு ஒன்று இருக்கிறது. நீங்கள் ஒருபோதும் எழுத வாய்ப்பில்லாத மேரிட்டல் போன்ற சொல்லை அதில் சேர்த்துவிட்டால், சரியான சொல்லாக இருந்தும் சிவப்புக் கோடு போட்டுவிடும்.

சரி, புதிர்ப் பக்கம் வருவோம். அங்கே நடக்கும் தவறு வேறு மாதிரி: எந்தெந்த எழுத்து என்று பார்த்துவிட்டு, எத்தனை முறை என்று பார்க்காமல் விடுவது. ரெஸ்ட், ஸ்ட்ரீட் இரண்டிலும் ஈ, ஆர், எஸ், டீ என்ற நான்கு எழுத்துகள்தான். ஆனால் ஸ்ட்ரீட்டில் ஈயும் டீயும் இரண்டிரண்டு முறை வருகின்றன, அதனால் இவை அனகிராம் அல்ல. ஸ்ட்ரீட்டுக்கு உண்மையான ஜோடிகள் டெஸ்டரும் செட்டரும். சந்தேகம் வந்தால் இரண்டு சொற்களின் எழுத்துகளையும் அகர வரிசையில் அடுக்குங்கள். ஸ்ட்ரீட், டெஸ்டர், செட்டர் மூன்றுக்குமே ஈ ஈ ஆர் எஸ் டீ டீ என்று வரும்.

எல்லா வரிசைகளையும் எழுதிப் பார்ப்பதும் வீண் வேலை. லிசன் என்ற ஆறெழுத்துச் சொல்லை 720 விதமாக அடுக்கலாம். அதில் சைலன்ட், என்லிஸ்ட், டின்சல், இன்லெட்ஸ் என்று தேறுவது ஒரு கைப்பிடிதான். நீளமான சொல்லில் ஐ-என்-ஜி, ஈ-டி, ஈ-ஆர் போன்ற விகுதிகளைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டுத் தேடினால் வேலை பாதியாகும்.

தொடர்களில் இன்னொரு மயக்கம் உண்டு. 'டார்மிட்டரி'யைக் கலைத்தால் 'டர்ட்டி ரூம்'. 'லெவன் ப்ளஸ் டூ'வைக் கலைத்தால் 'ட்வெல்வ் ப்ளஸ் ஒன்', விடையும் 13, எழுத்தும் 13. அழகுதான். அதற்காக எழுத்துகளுக்குள் ரகசியச் செய்தி இருப்பதாக நினைத்துவிடக் கூடாது, அது தற்செயல். வானியலாளர் கெப்ளரே இதில் ஏமாந்தார். 1610இல் கலிலியோ தன் கண்டுபிடிப்பை 37 லத்தீன் எழுத்துகளாகக் கலைத்து அனுப்ப, கெப்ளர் அதை அடுக்கி, செவ்வாய்க்கு இரண்டு நிலவுகள் என்று படித்தார். கலிலியோ எழுதியதோ சனி மூன்று உருவங்களாகத் தெரிகிறது என்று. வேடிக்கை என்னவென்றால், செவ்வாய்க்கு இரண்டு நிலவுகள் இருப்பதை 1877இல் வானியலாளர் ஆசாஃப் ஹால் நிஜமாகவே கண்டுபிடித்தார்.