கேவிஎம் சுவிட்ச்: கேபிளிலும் விர்ச்சுவல் மீடியாவிலும் கவனிக்க வேண்டியவை

ஒரே விசைப்பலகை, திரை, மவுஸ் கொண்டு பல சர்வர்களை இயக்க உதவுவது கேவிஎம் சுவிட்ச். ஐபி வழி, அதாவது நெட்வொர்க் மூலம் தொலைவிலிருந்தும் இயக்கக்கூடிய கேவிஎம் சுவிட்சைச் சர்வர் ரேக்கில் பொருத்துவோர், கேட்5இ அல்லது கேட்6 கேபிளின் முனையில் நெட்வொர்க் கேபிளுக்குரிய ஆர்ஜே45 இணைப்பி இருப்பதால் மட்டும் அதைச் சாதாரண நெட்வொர்க் இணைப்பாகக் கருதிவிடக் கூடாது. பெரும்பாலான மாடல்களில் சர்வர் பக்கக் கேபிளில் செல்வது ஈதர்நெட் அன்று; தயாரிப்பாளர் தமக்கென வகுத்துக்கொண்ட சமிக்ஞை. ஆகவே இடையே நெட்வொர்க் சுவிட்ச் எதையும் நுழைக்காமல், சர்வரில் செருகிய அடாப்டரிலிருந்து கேவிஎம் சுவிட்சுக்கு நேராக இழுக்க வேண்டும். விஜிஏ படத்தைக் கடத்தும்போது நீளம் கூடினால் எழுத்துகள் மங்கி, நிறங்கள் சற்றே விலகித் தெரியும் என்பதால், கையேடு குறிப்பிடும் எல்லையை மீறாதீர்கள்.

விர்ச்சுவல் மீடியா, அதாவது வேறிடத்தில் உள்ள டிவிடி படிமத்தைச் சர்வரில் செருகிய வட்டு போலக் காட்டும் வசதி, தேவையென்றால் அடாப்டரை வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். பழைய விசைப்பலகை, மவுஸ் இணைப்பான பிஎஸ்/2 வகை அடாப்டரில் அது இயங்காது. யூஎஸ்பி அடாப்டர்களிலும் எல்லாமே அதை ஆதரிப்பதில்லை. வேகமும் முக்கியம். இணைப்பு யூஎஸ்பி 1.1 அளவில், அதாவது நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தில் நின்றுவிட்டால், 4.7 ஜிபி டிவிடி படிமத்தை முழுதாகப் படிக்கவே கணக்குப்படி 52 நிமிடம் ஆகும். நடைமுறையில் இன்னும் கூடும். தொலைவிலுள்ள மடிக்கணினியிலிருந்து அனுப்பினால் இணைய இணைப்பின் தாமதமும் சேர்ந்துகொள்ளும் என்பதால், சுவிட்ச் அனுமதிக்குமானால் அந்தப் படிமம் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பைச் சர்வர் அறையிலேயே உள்ள பகிர்வுக் கோப்புறையில் வைப்பதே நல்லது. இப்படி இயங்குதளத்தை நிறுவினால், நிறுவல் முடிந்ததும் அந்த மீடியாவைத் துண்டித்த பிறகே மறுதொடக்கம் செய்யுங்கள். இல்லையெனில் பூட் வரிசையை, அதாவது சர்வர் எந்த வட்டிலிருந்து முதலில் தொடங்கும் என்ற அமைப்பைப், பொறுத்து நிறுவல் திரையே மீண்டும் வந்து நிற்கும்.