‘ஆயிருங்க’ என்றால் எப்போது? தொழில் பேச்சில் சொல் மாறிச் சேரும் விதமும் அதைச் சரிசெய்யும் வழியும்

திருப்பூரில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆடை ஆர்டர்களை முன்நின்று முடித்துக்கொடுப்பவராக, பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், ஒரு சாயப்பட்டறையின் பொறுப்பாளரிடம் தொலைபேசியில் “செவ்வாய்க்கிழமை துணி ஆயிருங்களா?” என்று கேட்டேன். “ஆயிருங்க” என்றார். செவ்வாய் காலை கட்டிங்கிற்கு ஆட்களை வரச்சொல்லிவிட்டுக் காத்திருந்தோம், துணி வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. துணி சாய மெஷினை விட்டு இறங்கினாலே அவரைப் பொறுத்தவரை வேலை ஆயிற்று. அதன் பிறகு அதைப் பிழிந்து, உலர்த்தி, துணி பிறகு சுருங்காமலிருக்கச் செய்யும் காம்பாக்டிங் முடித்து, வண்டியேற்றி எங்கள் வாசலில் இறக்கினால்தான் எனக்கு ஆயிற்று. இரண்டு நாள் வேலை அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்து கிடந்தது.

சொல்பவர் நினைப்பது கேட்பவரிடம் அப்படியே போய்ச் சேர்வதில்லை. அவரவர் செய்யும் வேலை, பழைய அனுபவம், அந்நேரத்துக் கவலை ஆகியவை சேர்ந்து மனத்தில் ஒரு சல்லடையாக நிற்கின்றன. அதில் தங்குவதைத்தான் நாம் ‘கேட்டது’ என்கிறோம். 1958-இல் டியர்பார்ன், ஹெர்பர்ட் சைமன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த 23 நிர்வாகிகளிடம் ஓர் எஃகு நிறுவனத்தைப் பற்றிய நீண்ட விவரக் குறிப்பைக் கொடுத்து, அதன் புதிய தலைவர் முதலில் கவனிக்க வேண்டிய சிக்கல் எது என்று எழுதச் சொன்னார்கள். விற்பனைத் துறையினர் 6 பேரில் 5 பேர் விற்பனையைக் குறிப்பிட்டார்கள். மற்ற 17 பேரிலும் அப்படிக் குறிப்பிட்டவர்கள் 5 பேர்தான். தலைமை நிர்வாகியின் இடத்தில் இருந்து பார்க்கும்படி அவர்களுக்கு முன்பே நினைவூட்டப்பட்டிருந்தும் இதுதான் நிலை.

ஆகவே பையரிடமிருந்து (ஆர்டர் கொடுத்து ஆடை வாங்குபவர்) “நிறம் சற்று மங்கல், ஷிப்மெண்ட் தேதியை உறுதி செய்யவும்” என்று ஒரு மின்னஞ்சல் வந்தால், அதை ஒருவர் மட்டும் படித்துவிட்டு மற்றவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லும் பழக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். தரப் பிரிவு அதில் நிறத்தையும், மெர்ச்சண்டைசர் தேதியையும், கணக்குப் பிரிவு வரப்போகும் தள்ளுபடிக் கோரிக்கையையும் பார்ப்பார்கள். மூவரையும் ஒன்றாக உட்கார வைத்து மூலத்தையே படிக்கச் செய்து, ஒவ்வொருவரும் புரிந்துகொண்டதை ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். வரிகள் வேறுபடும் இடத்தில்தான் பையரிடம் திரும்பக் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது.

இரண்டாவதாக, நாம் தெளிவாகச் சொல்லிவிட்டோம் என்ற நம்பிக்கையைச் சந்தேகிக்க வேண்டும். 1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் நடத்திய சோதனையில், ஒருவர் மேசையில் பாட்டின் தாளத்தைத் தட்ட மற்றவர் அது எந்தப் பாட்டென்று சொல்ல வேண்டும். பாதியளவாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் கருதினார்கள். 120 பாட்டுகளில் 3 மட்டுமே கண்டுபிடிக்கப்பட்டன. தட்டுபவருக்கு மனத்துக்குள் முழுப் பாட்டும் ஒலிக்கிறது, கேட்பவருக்கு வெறும் தட்டல்தான். “சீக்கிரம்”, “ரெடி”, “நல்ல குவாலிட்டி” போன்ற சொற்கள் அத்தகைய தட்டல்கள். அவற்றின் இடத்தில் எத்தனை கிலோ, எத்தனை ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை), எந்த வேலை முடிந்த நிலையில், எந்தத் தேதியில், யார் வாசலில் என்று எழுதுங்கள். நாமக்கல் லாரி புக்கிங்கில் ‘நாளைக்கு’ என்றால் ஏற்றும் நாளா, இறக்கும் நாளா என்று கேட்பதும் இதே வேலைதான்.

நம் கொங்கு வட்டாரத்தில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது “சரிங்க” என்னும் சொல். “நீங்கள் சொன்னது காதில் விழுந்தது” என்பதற்கும் சரிங்க, “ஒப்புக்கொள்கிறேன்” என்பதற்கும் சரிங்க, முகத்துக்கு நேரே மறுக்க மனமில்லாதபோதும் சரிங்க. இதை நான் குறையாகக் கருதவில்லை; எதிரில் இருப்பவரின் மனம் நோகாமல் பேசும் பண்பு அதில் இருக்கிறது. ஆனால் வெளியூர், வெளிநாட்டுப் பையர் அதை ஒப்பந்தமாகவே எடுத்துக்கொள்வார். எனவே “சரிங்களா?” என்று கேட்டு நிறுத்தாமல், “நான் சொன்னதில் எந்த வேலையை முதலில் எடுக்கிறீங்க, எந்த நாளுக்கு முடியும்?” என்று கேளுங்கள். அதற்குச் சரிங்க என்று விடை சொல்ல முடியாது. கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க் பட்டறையின் மூத்த உரிமையாளரிடம் இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றினால், “நான் சரியாகக் குறிச்சுக்கிட்டேனான்னு பார்த்துச் சொல்லுங்கண்ணா” என்று நீங்களே வாசித்துக் காட்டிவிடலாம்.

நிறத்தைப் பற்றிய தகராறுகளில் இன்னொரு படி தேவை. டி65 என்னும் பகல்வெளிச்ச விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணிகள், டி.எல்.84 என்னும் கடை விளக்கில் வேறாகத் தெரியலாம். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். இருவர் கண்ணும் சரி, விளக்குதான் வேறு. அதனால் “நிறம் சேரவில்லை” என்ற புகார் வந்தால் வாதாடுவதற்கு முன், எந்த விளக்கில், எந்த மாதிரித் துண்டோடு வைத்துப் பார்த்தார்கள் என்று கேட்டு, பல வகை விளக்குகள் கொண்ட லைட் பாக்ஸ் பெட்டியில் அதே விளக்கைப் போட்டுப் பாருங்கள். விலை, தாமதம் குறித்த புகார்களிலும் எதை எதனோடு ஒப்பிட்டார்கள் என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

நமது சல்லடையை நாமே காண்பதுதான் மிகக் கடினம். முன்பு ஒருமுறை தாமதித்த பட்டறையிடமிருந்து “இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்” என்று வாட்ஸ்அப் வந்தால் சாக்காகப் படிப்போம். விருப்பமான பட்டறையிடமிருந்து அதே வரி வந்தால் நேர்மையான தகவலாகப் படிப்போம். பதில் அனுப்புமுன், அந்தச் செய்தி மற்றப் பட்டறையிடமிருந்து வந்திருந்தால் என்ன பதில் எழுதியிருப்போம் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். அந்தப் பதில் வேறாக இருந்தால் கைப்பேசியில் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு, நேரில் போய்த் துணி இப்போது எந்த மெஷினில் இருக்கிறது என்று பார்த்து வாருங்கள்.