‘மனசு விட்டுப்போச்சு’: வேலைச் சோர்வைக் கண்டுபிடிப்பது எப்படி

மலையேறிக் கொழுந்தெடுத்துக் களைத்தவரும் “உடம்பு முடியல” என்பார். மனம் வற்றிப்போனவரும் அதையேதான் சொல்வார். இரண்டுக்கும் ஒரே பனடோல்தான் கிடைக்கிறது.

முதலில் லீவு நாளைக் கவனியுங்கள். உடம்புக் களைப்பு ஞாயிற்றுக்கிழமை தூங்கி எழுந்தால் கொஞ்சமாவது இறங்கும். வேலைச் சோர்வு இறங்காது. அன்று பின்னேரமே திங்கட்கிழமைப் பெரட்டை (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதை) நினைத்து நெஞ்சு கனக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் இது நோயல்ல. தீராமல் நீண்டுபோன வேலை அழுத்தத்தின் விளைவு. அடையாளம் மூன்று: சக்தி வற்றுவது, வேலையில் மனம் ஒட்டாமல் போவது, செய்வதெல்லாம் வீண் என்று தோன்றுவது. நடுவில் உள்ளதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள், அது பார்க்கக் கவலை போல இருக்காது. நிறுவையில் கிலோ வெட்டினால் கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கு நின்ற அக்கா, இப்போது தராசைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். கங்காணிக்கு அவர் ‘திருந்திவிட்டார்’. பிழைக்குப் பிழை சிவப்பு மையால் வட்டம் போட்ட டீச்சர், கொப்பியை வாசிக்காமலே சரி போடுகிறார். துரையிடம் காட்ட முடியாத கோபம், லயத்தில் தேத்தண்ணியைக் கொட்டிய பிள்ளையின் முதுகில் விழுகிறது. அதைக் குணக்கேடு என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

சுவர்க் கலண்டரில் 14 நாள் குறித்துப் பாருங்கள். எரிச்சல் மிஞ்சினால் ‘எ’, மரத்துப்போனால் ‘ம’, வீண் என்று தோன்றினால் ‘வீ’. மனசுக்கு இதமாக எதுவும் நடந்திருந்தால், பிள்ளையின் சிரிப்பென்றாலும், ஒரு புள்ளி. அன்றன்றிரவே எழுத வேண்டும். சேர்த்து எழுதினால் சம்பள நாளின் மனநிலை எல்லா நாளுக்கும் பூசப்பட்டுவிடும். எழுத்துகளோடு புள்ளிகளும் இருந்தால் பெரும்பாலும் வேலைச் சோர்வு. இரண்டு வாரமும் புள்ளியே விழாமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டிருந்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். ஆதார வைத்தியசாலை மனநல கிளினிக்குக்குப் போக வேண்டும்.

மனசின் மேல் பழி போடுமுன் இரத்தத்தைச் சோதியுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. அதுவும் இதே களைப்பையும் எரிச்சலையும் தரும். சோறு சாப்பிட்ட கையோடு குடிக்கும் பிளேன்டீ இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். (தேயிலை நாட்டில் இதைச் சொல்வது கஷ்டம்தான்.)

வீட்டில் ஒருவரை விசாரிக்கும்போது “ஏன் மூஞ்ச தூக்கி வச்சிருக்க?” என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். “இப்பல்லாம் வேலைக்குப் போக எப்படிக்கா இருக்கு?” என்று கேட்டுவிட்டு, அடுப்படியில் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருங்கள். முதல் பதில் “ஒன்னுமில்ல”தான், இரண்டாவதுதான் பதில்.

“நான் இருந்து என்ன புண்ணியம்” என்ற பேச்சு வந்தால் கலண்டரையெல்லாம் விடுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். மரக்கறித் தோட்டத்துக்கு வாங்கிவைத்த மருந்துப் போத்தல்களை அன்றே வீட்டைவிட்டு அகற்றுங்கள். இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு உடனே அழையுங்கள்.