குஞ்சு மிதித்துக் குஞ்சு சாகும்

கோழி மிதித்துக் குஞ்சு முடமாகாது என்பார்கள். சரிதான். ஆனால் குஞ்சு மிதித்துக் குஞ்சு சாகும். இதை நான் 12 ஆண்டுகளுக்கு முன் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். போன மாதம் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவன் அதே பாடத்தை ஏறக்குறைய அதே விலைக்கு வாங்கியிருக்கிறான். எனக்கு வருத்தத்தைவிட எரிச்சல்தான் அதிகம்.

தாராபுரம் பக்கம் சிறுவிடை என்கிற சின்ன ரக நாட்டுக்கோழி வளர்க்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பொரிப்பானிலிருந்து வந்த குஞ்சைப் புரூடரில் (பல்புச் சூட்டில் குஞ்சு வளர்க்கும் தடுப்பு) வைத்து, ஒரு மாதம் கண்ணும் கருத்துமாகத் தேற்றிவிடுகிறார்கள். பிறகு வெளிக்கொட்டகைக்கு மாற்றுகிற அந்த ஒரு வாரத்தில் கோட்டை விடுகிறார்கள். தண்ணீர் வைக்க மறக்காதீர்கள், கதவைச் சாத்துங்கள் என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது தெரியாதவர்கள் கோழி வளர்க்க வரமாட்டார்கள். அந்த வாரத்தில் செய்கிற தவறுகளைத்தான் கீழே ஒவ்வொன்றாகத் தலைப்பிட்டு எழுதுகிறேன்.

நாட்களை எண்ணி மாற்றுவது

“28 நாள் ஆகிவிட்டது, மாற்றிவிடலாமா?” என்று கேட்கிறார்கள். நாளைக் கேட்காதீர்கள், குஞ்சைக் கேளுங்கள். கையில் எடுத்து இறக்கையைத் தூக்கிப் பாருங்கள். முதுகிலும் வயிற்றிலும் பஞ்சுமயிர் போய் நிஜ இறகு மூடியிருக்க வேண்டும். பெருவிடை என்கிற பெரிய ரகக் குஞ்சுகள் இறகு கட்ட இன்னும் தாமதமாகும். கால் நீண்டு ஆள் வளர்ந்தது போலத் தெரியும், முதுகைத் தடவினால் வெறும் தோல்.

புரூடரில் முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் வைத்து, வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வருகிறோம். ஐந்தாவது வாரத்தில் அது 23 டிகிரிக்கு வந்துவிடும். சித்திரை, வைகாசியில் இங்கே இரவுகூட அதற்குமேல்தான் இருக்கும், அதனால் நான்காவது வாரத்திலேயே துணிந்து மாற்றலாம். மார்கழியிலும் தையிலும் விடியற்காலை 20 டிகிரியை ஒட்டி இறங்கும். அப்போது ஆறு வாரம் பொறுப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

பொழுது சாய்ந்தபின் மாற்றுவது

இதைத்தான் சொல்ல வந்தேன்.

எனது முதல் பேட்ச் 120 குஞ்சுகள். ஐப்பசி மாதம். 33 நாள் வயது, இறகெல்லாம் நன்றாகக் கட்டியிருந்தது. பகல் முழுக்கத் தூறல் விடவில்லை, சாயங்காலம் ஆறு மணிக்குக் கொஞ்சம் வெறித்தது. அவசர அவசரமாகக் கூடையில் பிடித்துப் போய்ப் புதுக் கொட்டகையில் விட்டேன். புது உமி, புதுத் தீவனத் தட்டு, எல்லாம் புதிது. இறகுதான் கட்டிவிட்டதே என்று பல்பு போடவில்லை. நாய் கீய் வந்தால் தெரியட்டும் என்று வீட்டுத் திண்ணை விளக்கை மட்டும் அணைக்காமல் படுத்தேன்.

விடிகாலை போனபோது கொட்டகையில் சத்தமே இல்லை. வீட்டைப் பார்த்த மூலையில் ஒரு குவியல். மேலே கிடந்தவை கண்ணை மூடிக் கதகதப்பாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றை எடுக்க எடுக்க, அடியில் இருந்தவை நனைந்த துணி போலக் கையில் வந்தன. கூரை ஒழுகவில்லை. கோழிக்கு வேர்ப்பதும் இல்லை. அத்தனை குஞ்சுகளின் மூச்சும் இறங்கிய ஈரம் அது. கடைசி அடுக்கு அப்பளம் போலத் தட்டையாக இருந்தது. 41 எண்ணினேன்.

ஏன் இப்படி? புரூடரில் விட்ட நாளிலிருந்து அவற்றுக்கு இரவும் பகலும் பல்பு எரிந்திருக்கிறது. இருட்டு என்று ஒன்று இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. தாய்க்கோழியிடம் வளரும் குஞ்சுக்கு இருட்டு என்றால் இறக்கைக்குள் புகுந்துகொள்ளும் நேரம். பல்பையே தாயாகக் கொண்ட குஞ்சு, இருட்டானதும் வெளிச்சம் எங்கே கசிகிறது என்று பார்த்து அந்தத் திசைக்கு ஓடும். சுவர் தடுக்கும். முன்னால் நிற்பதன்மேல் பின்னால் வந்தது ஏறும். குளிரும் சேர்ந்துகொண்டால் ஏறியது இறங்காது. என் 41 குஞ்சுகளையும் அந்த மூலைக்கு அழைத்தது நான் காவலுக்கு என்று எரியவிட்ட திண்ணை விளக்குதான்.

“கோழியை இரவில்தான் இடம் மாற்ற வேண்டும்” என்று ஒரு சொல் ஊரில் சுற்றுகிறது. வளர்ந்த கோழிக்கு அது நல்ல யோசனை. இருட்டில் தூக்கிக்கொண்டு போய் மற்றக் கோழிகளுக்கு நடுவே கம்பில் உட்கார வைத்தால், காலையில் கொத்துச் சண்டை குறையும். அதையே ஒரு மாதக் குஞ்சுக்கும் வாய் கூசாமல் சொல்கிறார்களே, அவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தத் தம்பியும் அப்படி யாரோ சொல்லக் கேட்டுத்தான் இரவு எட்டு மணிக்கு மாற்றியிருக்கிறான்.

காலையில் தொலைபேசியில் அழைத்தான். “அண்ணா, வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டது. 27 குஞ்சு போய்விட்டது.” அதற்குள் மருந்துக்கடையில் ஏதோ ஆன்டிபயாடிக் வாங்கித் தண்ணீரிலும் கலந்துவிட்டான். (வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய். அதை ஆன்டிபயாடிக் தொடாது. அது வேறு கதை.) நேரில் போய்ப் பார்த்தேன். 27 குஞ்சுகளும் ஒரே மூலையில் கிடந்திருக்கின்றன. செத்ததை எடுத்துக் கழுத்தடியில் இருக்கும் இரைப்பையைத் தடவினால் முந்தின நாள் தின்ற தீவனம் கையில் நெருடுகிறது. பின்பக்கத்தில் எச்சம் ஒட்டவில்லை. மிச்சம் உள்ளவை ஓடி ஆடித் தீனி பொறுக்குகின்றன. சீக்கு வந்த கொட்டகை இப்படி இருக்காது. அங்கே உயிரோடு இருப்பவற்றிலும் சில தூங்கி வழியும், கழிச்சல் தெரியும், சாவும் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும். சந்தேகம் தீராவிட்டால் செத்த குஞ்சை எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள், அறுத்துப் பார்த்துச் சொல்வார்கள்.

சரி, எப்படி மாற்றுவது? மாற்றுவதற்கு பத்து நாள் முன்பே தொடங்க வேண்டும். குஞ்சுகள் கதகதப்பாக இருக்கும் மாலை நேரத்தில் பல்பை அரை மணி நேரம் அணைத்துவிடுங்கள். மறுநாள் ஒரு மணி நேரம். முதல் நாள் கத்தும், பக்கத்திலேயே நில்லுங்கள். நான்காம் நாள் உட்கார்ந்துவிடும். முதல் வாரத்திலிருந்தே இப்படிப் பழக்கினால் இன்னும் நல்லது, மின்வெட்டுக்கும் பயமில்லை. பிறகு பகலில் சூட்டை நிறுத்துங்கள், அதன்பின் இரவில் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசி மூன்று இரவு அதே புரூடரில் சூடில்லாமல் தூங்கிக் காட்டட்டும். தூங்காத குஞ்சு வெளியே போகத் தயாராகவில்லை.

மாற்றுவது வெயில் அடிக்கும் காலையில், எட்டு மணி சுமாருக்கு. இருட்டுவதற்குள் சுவர் எங்கே, தண்ணீர் எங்கே என்று கற்றுக்கொள்ள அவற்றுக்கு ஒரு முழுப் பகல் கிடைக்கும். புரூடரில் வைத்திருந்த அதே தட்டு, அதே தண்ணீர்க் குடுவை. புரூடரைச் சுற்றிக் கட்டிய தகடு இருக்கிறதே, அதையும் கொண்டுபோய்க் கொட்டகைக்குள் வட்டமாக நிறுத்தி, முதல் மூன்று இரவு அதற்குள்ளேயே விடுங்கள். வட்டத்துக்கு மூலை கிடையாது. தகடு இல்லாதவர்கள் நான்கு மூலையிலும் அட்டைப்பெட்டியைப் பிரித்து வளைத்துக் கட்டலாம். நடுவில், சுவரை விட்டுத் தள்ளி, ஒரு ஜீரோ வாட் பல்பு தொங்கட்டும். திண்ணை விளக்கை அணைத்துவிடுங்கள்.

இருட்டும் நேரத்தில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். ஆறேகாலுக்கு ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சத்தத்தைக் கேளுங்கள். நீளமாக, கூர்மையாகக் கீச்சென்று கத்தினால் இன்னும் அடங்கவில்லை. ஒரு பக்கமாகக் கூடினால் கையால் அள்ளி நடுவில் விடுங்கள். மறுபடி கூடும், மறுபடி அள்ளுங்கள். சத்தம் தணிந்து, தொண்டைக்குள்ளேயே கிருகிருவென்று முனகத் தொடங்கினால் நீங்கள் சாப்பிடப் போகலாம். ஒன்பது மணிக்கு ஒரு தடவை, விடியற்காலைக் குளிரில் ஒரு தடவை. மூன்று நாள்தான்.

படுதாவை அடியிலிருந்து முகடுவரை இழுத்துக் கட்டுவது

காற்று குஞ்சின்மேல் படக்கூடாது, ஆனால் கொட்டகைக்குள் வர வேண்டும். அடியில் மூடி, மேலே ஒன்றரை அடி திறந்து விடுங்கள். உள்ளே போனதும் உங்களுக்குக் கண் எரிந்தால் குஞ்சுக்கும் எரிகிறது.

தடுப்பூசி போட்ட கையோடு மாற்றுவது

கூடாது. நாலைந்து நாள் கழியட்டும்.

பெரிய கோழிகளோடு விடுவது

தாய்க்கோழி கூட இருந்தால் குறுக்கே நின்று காப்பாற்றும். புரூடர்க் குஞ்சுக்கு யாருமில்லை. கொத்துப்படுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய கோழிகள் தாம் சீக்காகாமலே எச்சத்தில் கிருமியைப் போட்டுக்கொண்டிருக்கும், தரையில் பரப்பிய அந்த உமிக் கூளத்தில் குஞ்சை விட்டால் அடுத்த வாரம் இரத்தக்கழிச்சல். மூன்று முதல் ஆறு வார வயதில் அது ஆளையே கவிழ்த்துவிடும். கூளம் ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். குஞ்சுக்குத் தனி இடம், புது உமி. எட்டு, பத்து வாரம் ஆனபின் நடுவில் வலை கட்டி, இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்துப் பழகியபின் திறந்துவிடுங்கள்.

அன்றைக்கே தீவனத்தையும் மாற்றுவது

வேண்டாம்.

கோழிவலையை நம்புவது

அறுகோணக் கண் போட்ட அந்த மெல்லிய கம்பிவலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். எலியும் பாம்பும் அதன் கண்ணுக்குள்ளேயே நுழையும், நாய் பல்லால் கிழிக்கும், கீரி அடியில் பறித்துக்கொண்டு வரும். சுற்றிலும் அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) அடிக்கக் கட்டுப்படியாகாது என்றால், தரையிலிருந்து இரண்டு அடி உயரத்துக்காவது அடியுங்கள். மண்ணுக்குள் ஓர் அடி இறங்க வேண்டும். வேலை முடிந்ததும் கதவுக்கும் நிலைக்கும் இடையே கட்டைவிரலை விட்டுப் பாருங்கள். விரல் போகிற சந்தில் எலியும் போகும்.