மிக்சிக்கும் கிரைண்டருக்கும் நடுங்குற நாயை நம்ம ஊரு வீட்ல பழக்குறது எப்படி

மிக்சி போட்ட உடனே கட்டிலுக்கு அடியில போயி பதுங்குற நாய், கிரைண்டர் ஓடி முடியிற வரைக்கும் கொல்லைப்பக்கம் வராத நாய், வாஷிங் மெஷின் ஸ்பின் ஆரம்பிச்சா தெருவுக்கே ஓடிப்போற நாய், இப்படி காரைக்குடி தேவகோட்டை பக்கம் வீட்டுக்கு வீடு ஒண்ணு இருக்கு. யார்ட்ட கேட்டாலும் சொல்ற யோசனையும் ஒண்ணுதான், "அடுப்படி தூண்லயே கட்டிப்போடுங்க, நாலு நாள்ல தானா பழகிடும்". தயவு செஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க. கட்டிப்போட்டா ஓட முடியாது, கத்தியும் பிரயோஜனம் இல்லன்னு தெரிஞ்சதும் நாய் அப்படியே உறைஞ்சு போயி படுத்துடும், நம்ம அத பாத்துட்டு "பாத்தீங்களா அடங்கிடுச்சு"ன்னு நினைச்சுக்குவோம். உள்ளுக்குள்ள பயம் குறைஞ்சிருக்காது, கூடியிருக்கும். இன்னும் சில நாய் கட்டுனவங்களையே கடிச்சு வச்சிடும்.

முதல்ல ஏன் இவ்வளவு பயம்னு பாத்துருவோம். நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேக்கும், நாய்க்கு 45,000 வரைக்கும் கேக்கும், அதனால மோட்டார்ல இருந்து வர்ற கீச்சு சத்தம் நம்ம காதுல விழாமயே அதுக்கு மட்டும் விழுந்துக்கிட்டு இருக்கும். அதுக்கு மேல நம்ம வீட்டு அமைப்பு வேற. ஆத்தங்குடி கல்லு தரை, வழவழன்னு சுண்ணாம்பு பூசுன சுவரு, அண்ணாந்து பாக்குற உயரத்துல மச்சு, சத்தத்தை உறிஞ்ச ஒரு திரைச்சீலை கூட இருக்காது, பின்னாடி அடுப்படி இருக்கிற மூணாங்கட்டுல மிக்சி போட்டா முன்பக்கத்து பட்டாலை வரைக்கும் எதிரொலிக்கும். பயந்து ஓடுற நாய்க்கு அந்த கல்லுல காலு வேற வழுக்கும், வழுக்கி விழுந்துச்சுன்னா சத்தமும் விழுந்ததும் ஒண்ணா மனசுல பதிஞ்சிடும். அதனால பழக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நாய் நடமாடுற வழியில கோணிச்சாக்கோ மிதியடியோ போட்டு வச்சிருங்க. மிக்சிக்கு அடியிலயும் ஒரு ரப்பர் ஷீட்டோ நாலா மடிச்ச துணியோ போடுங்க, மேடை அதிர்ற சத்தம் குறையும். காத்து போற ஓட்டையை மட்டும் துணி அடைச்சிடாம பாத்துக்கங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நாய் பயப்படாத அளவுக்கு சத்தத்தை குறைச்சு கொடுக்கணும், அந்த சத்தத்துக்கு அப்புறம் அதுக்கு ரொம்ப பிடிச்ச சாப்பாடு வரணும், அது பழகப் பழக சத்தத்தை கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும், அவ்வளவுதான் மொத்த வித்தையும். ஆனா மிக்சில சத்தத்தை குறைக்கிற குமிழ் ஏது? அதுக்கு பதிலா தூரத்தை வச்சுக்கிறதுதான் வழி, அந்த விஷயத்துல நம்ம ஊருக்காரங்க கொடுத்து வச்சவங்க. முகப்புல நின்னு பாத்தா பின்வாசல் வரைக்கும் வாசலுக்கு வாசல் நேரா தெரியிற வீடு வேற எந்த ஊருல இருக்கு! திண்ணை, முகப்பு, வளவுங்கிற நடு முற்றம், ரெண்டாங்கட்டு, அடுப்படின்னு ஒவ்வொரு நிலைவாசலும் உங்களுக்கு ஒரு படி. நடுவுல கதவை சாத்துனா இன்னும் அரைப்படி குறையும். காரைக்குடி செக்காலை பக்கம் சின்ன வீட்ல இருக்கவங்க தெரு முனையில இல்லன்னா மாடியில இருந்து ஆரம்பிக்கலாம், அதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல.

ரெண்டு பேரு வேணும். ஒருத்தர் அடுப்படியில, ஒருத்தர் நாயோட திண்ணையில. அடுப்படியில இருக்கவங்க மிக்சி குமிழை இடது பக்கம் திருப்பி ஒரு செகண்டு ஓட விட்டு விட்டுறணும், ஜார்ல கொஞ்சம் தண்ணி ஊத்திக்கங்க, வெறும் ஜாரை ஓட்ட வேணாம். நாய் காதை லேசா தூக்கி "என்ன அது"ன்னு பாத்துச்சா, உடனே வாயில கோழித்துண்டு. சத்தம் நின்னதும் கையும் நின்னுடணும். அரை நிமிஷம் ஒரு நிமிஷம் விட்டு திரும்ப, ஆனா ஒவ்வொரு தடவையும் ஒரே இடைவெளியா இல்லாம மாத்தி மாத்தி. மொத்தமே அஞ்சு நிமிஷத்துக்கு மேல வேணாம், நாய்க்கு இன்னும் வேணும்னு இருக்கும்போதே முடிச்சிருங்க.

இதுல எல்லாரும் கோட்டை விடுற இடம் வரிசை. சத்தம் முன்னாடி, சாப்பாடு பின்னாடி. மாத்தி சாப்பாட்டை காட்டிட்டு அப்புறம் மிக்சி போட்டீங்கன்னா, கோழித்துண்டை பாத்தாலே "ஐயோ வரப்போகுது"ன்னு நாய் ஓட ஆரம்பிச்சிடும், பயத்தை எடுக்கப் போயி கோழி மேலயும் பயம் வந்துடும். ரஷ்யாவுல பாவ்லோவ்னு ஒருத்தர், செரிமானத்தை ஆராய்ச்சி பண்ணி 1904ல நோபல் பரிசு வாங்குனவர், நாய்க்கு எச்சில் ஊறுறதை வச்சு கண்டுபிடிச்சதும் இந்த வரிசை சமாச்சாரம்தான். அதே மாதிரி நம்ம வீடு நீளம்ங்கிறதால உள்ள இருந்து "ஆச்சி, போடவா?"ன்னு சத்தம் போடுறது வழக்கம், அதையும் நாய் புடிச்சுக்கும், அப்புறம் ஆச்சின்னு கூப்பிட்டாலே ஓடும். போனை வைப்ரேட்ல போட்டு ஒரு மிஸ்டு கால் கொடுத்துக்கங்க.

எப்ப அடுத்த வாசலுக்கு போகலாம்னா, சத்தம் கேட்டதும் நாய் அடுப்படிப் பக்கம் பாக்காம உங்க கையை பாக்கணும், வாலு தளர்வா ஆடணும். அந்த நிலைமை ரெண்டு மூணு நாள் மாறாம இருந்தா ஒரு வாசல் உள்ள வாங்க. பசி நேரத்துல நல்ல கோழியை மூக்குகிட்ட கொண்டுபோயும் திங்கலைன்னா நீங்க ரொம்ப பக்கத்துல வந்துட்டீங்கன்னு அர்த்தம், பேசாம ஒரு கட்டு பின்னாடி போயிடுங்க. அதுக்கு முன்னாடியே காட்டுற அடையாளமும் இருக்கு, தூக்கமே இல்லாம கொட்டாவி விடும், சும்மா சும்மா உதட்டை நக்கும், காதை பின்னாடி ஒட்டிக்கும், வெயில் இல்லாமயே மூச்சு வாங்கும், தலையை திருப்பிக்கிட்டு கண்ணோட வெள்ளை தெரிய பாக்கும். வாலு காலுக்குள்ள போறது எல்லாம் கடைசிக் கட்டம், அது வரைக்கும் காத்திருக்காதீங்க.

சாப்பாடு என்ன கொடுக்கலாம்னா, உப்பு மசாலா எதுவும் போடாம வேகவச்ச கோழியை சுண்டுவிரல் நக அளவுக்கு பிச்சு வச்சுக்கங்க, ஈரல், அவிச்ச முட்டைன்னா இன்னும் குஷியாயிடும். வீட்ல வச்ச கோழி வறுவல்ல இருந்து ஒரு துண்டு எடுத்து கழுவி கொடுக்கிற வேலை வேணாம். சின்ன வெங்காயமும் பூண்டும் நாயோட ரத்தத்துல சிவப்பணுவை உடைக்கும், கழுவுனா எல்லாம் போகாது. பாயசத்துல கிடக்கிற கிஸ்மிஸும் கூடாது, கிட்னியை கெடுத்துடும். இந்த கோழித்துண்டை மிக்சி சத்தத்துக்கு மட்டும்தான் கொடுக்கணும், சும்மா இருக்கிற நேரத்துல பேரன் பேத்தி எல்லாம் ஊட்டி விட்டா அதுக்கு மதிப்பு போயிடும்.

மசாலாப்பொடிக்கு வத்தல் வறுத்து அரைக்கிற அன்னைக்கு பயிற்சிக்கு லீவு விட்ருங்க. நமக்கே தும்மல் தாங்காது, நாய் மூக்குக்கு அந்த நெடி எப்படி இருக்கும்னு யோசிங்க, சத்தத்தோட அந்த எரிச்சலும் சேர்ந்துக்கும். இன்னொண்ணு, நீங்க திண்ணையில பொறுமையா பழக்கிக்கிட்டு இருக்கும்போது உள்ள நிஜமாவே தினம் சட்னி அரைக்கணுமே, பணியாரத்துக்கு மாவு ஆட்டணுமே, அது நிக்காதுல்ல. அந்த நேரத்துக்கு யாராவது நாயை வெளிய நடத்திக்கிட்டு போயிடணும், முடியலன்னா முகப்பு அறையில விட்டு கதவை சாத்தி ஃபேனை வேகமா வச்சு டிவியை போட்டு விடுங்க. காலையில பெரிய சத்தம், சாயங்காலம் சின்ன சத்தம்னு இருந்தா பழக்குனது நிக்காது.

சாமான் ஒவ்வொண்ணுக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கு. கிரைண்டர் சுலபம், ஒரே சீரா கடகடன்னு ஓடும், நிறைய நாய் தானாவே சமாதானம் ஆயிடும். குக்கர் விசில்தான் மோசம், எப்ப வரும்னு நமக்கே தெரியாது, அதுக்கு விசில் சத்தத்தை போன்ல ரெக்கார்டு பண்ணி ரொம்ப மெதுவா வச்சு ஆரம்பிக்கலாம், ஆனா போன் ஸ்பீக்கர்ல அடி சத்தம் சரியா வராததால கிரைண்டர் மோட்டாருக்கெல்லாம் இந்த வழி அரைகுறைதான். வேக்கம் கிளீனர்ல ரெண்டு பயம், சத்தம் ஒண்ணு, துரத்துற மாதிரி தன்னை நோக்கி நகர்றது ஒண்ணு. ரெண்டையும் பிரிச்சிருங்க, சில நாள் ஆஃப் பண்ணியே நகத்துங்க, சில நாள் தூரத்து கட்டுல நிறுத்தி வச்சே ஆன் பண்ணுங்க, ரெண்டும் தனித்தனியா சரியானதுக்கு அப்புறம் சேருங்க, சேக்கும்போதும் நாயை பாத்து தள்ளாம எதிர்ப்பக்கம் தள்ளுங்க.

பயந்து ஓடி வந்து மடியில ஏறுனா தடவி கொடுக்கலாமா, செல்லம் கொடுத்தா பயம் ஜாஸ்தி ஆகாதான்னு கேப்பாங்க. ஆகாது. பயம் என்ன வேணும்னே பண்ற சேட்டையா, தடவுனதும் இன்னும் பண்ணணும்னு தோணுறதுக்கு? தாராளமா தடவுங்க. ஆனா கட்டிலுக்கு அடியில போயிட்டா இழுக்காதீங்க, திட்டாதீங்க, அங்கயே ஒரு பழைய சேலையை விரிச்சு அதோட இடம்னு விட்டுருங்க.

ரொம்ப நாளா பயமில்லாம இருந்த பெரிய நாய் திடீர்னு பயப்பட ஆரம்பிச்சா பயிற்சியை எடுக்காம முதல்ல கால்நடை டாக்டர்கிட்ட கூட்டிப்போங்க. மூட்டு வலி, காதுல சீழ், காதுக்குள்ள உண்ணி, இப்படி ஏதாவது வலி இருந்தா சத்தத்துக்கு திடுக்குனு அசையும்போது வலிக்கும், அப்புறம் சத்தத்து மேலயே பயம் வந்துடும். எச்சில் ஒழுக நடுங்குறது, கதவை பிறாண்டி நகம் பேத்துக்கிறது மாதிரி இருந்தாலும் டாக்டர்தான், பயத்தை குறைக்கிற மாத்திரை அவங்க எழுதிக் கொடுப்பாங்க, அதோட சேர்த்து பழக்கலாம். அப்பத்தாவுக்கு வாங்கி வச்ச தூக்க மாத்திரையில பாதி கொடுக்கிறது எல்லாம் விபரீதம்.

குட்டியா வாங்கியிருந்தா உங்களுக்கு பாதி வேலை மிச்சம். மூணு வாரத்துல இருந்து பதினாலு வாரம் வரைக்கும் குட்டி பாக்குறதை கேக்குறதை எல்லாம் சகஜமா எடுத்துக்கிற பருவம், அந்த நேரத்துல தூரத்துல மிக்சி ஓடும்போது தட்டுல சாப்பாடு வச்சு பழக்கிட்டா பெரிசானதுக்கு அப்புறம் இந்த பாடே இல்ல.

முன்னோருக்கு கும்பிடுற படைப்பு, கல்யாணம்னு வீடு நிறைய ஆளும் ஆளுயர கிரைண்டரும் வந்து இறங்குற விசேஷம் இருந்தா நாயை ரெண்டு நாள் முன்னாடியே தெரிஞ்சவங்க வீட்ல விட்டுருங்க, விசேஷம் முடிஞ்சு கூட்டி வந்ததும் நின்ன வாசல்ல இருந்து ஆரம்பிக்காம ரெண்டு வாசல் பின்னாடி போயி ஆரம்பிங்க. இன்வெர்ட்டர் பீப் சத்தத்துக்கு மட்டும் இவ்வளவு பாடுபட வேணாம், சில மாடல்ல பஸரை நிறுத்துற பட்டனே இருக்கும், இல்லன்னா எலக்ட்ரீஷியனை கூப்பிட்டு நாய் படுக்கிற இடத்துல இருந்து தள்ளி வேற அறைக்கு மாத்தச் சொல்லுங்க.