எவ்வகை என்று தெரியாத நெட்வொர்க் கேபிளை இனங்காணும் முறை

கேபிளின் இரு முனைகளையும் அருகருகே வைத்து, பூட்டுநாக்கு கீழ்ப்புறமும் உலோகத் தொடுமுனைகள் மேற்புறமும் அமையுமாறும், கேபிள் நம் பக்கம் வருமாறும் பிடித்துக்கொண்டால், இடதுகோடியில் இருக்கும் தொடுமுனையே 1-ஆம் பின் (pin) ஆகும். அங்கிருந்து வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று கம்பிகளின் நிறங்கள் வந்தால் அது டி568பி (T568B) எனும் நிலையான வரிசைமுறை. ஆரஞ்சு இணையும் பச்சை இணையும் இடம் மாறியிருந்தால் டி568ஏ. இரு முனைகளும் ஒன்றுபோல் இருந்தால் நேர் கேபிள். ஒன்று ஏ, மற்றொன்று பி என்றால் கிராஸ்ஓவர், அதாவது அனுப்பும் கம்பிகளும் பெறும் கம்பிகளும் இடம் மாறிய கேபிள். ஒரு முனையின் வரிசை மறுமுனையில் அப்படியே தலைகீழாக இருந்தால், ரவுட்டர் போன்றவற்றை அமைக்க உதவும் கன்சோல் போர்ட்டுக்கான ரோல்ஓவர் கேபிள்.

நிறங்கள் வெளியே தெரியாத கேபிளுக்கு மல்டிமீட்டரே வழி. இரு முனைகளையும் கருவிகளிலிருந்து கழற்றிய பின்னரே, தொடர்ச்சி சோதனையில் (இரு புள்ளிகளுக்கிடையே மின்னிணைப்பு உள்ளதா என்று பார்க்கும் சோதனை) 1-ஆம் பின் மறுமுனையில் எதனோடு இணைகிறது என்று பார்க்க வேண்டும்: 1 என்றால் நேர், 3 என்றால் கிராஸ்ஓவர், 8 என்றால் ரோல்ஓவர். ஒரு பின்னோடு நிறுத்திவிடாமல் எட்டையும் சோதிப்பதே நல்லது, ஏனெனில் நான்கு கம்பிகள் மட்டுமே உள்ள கேபிள்களும் புழக்கத்தில் இருக்கின்றன.

ஆனால் மல்டிமீட்டர் ஒரு குறையைக் காட்டாது. 3, 6 ஆகிய பின்கள் ஒரே முறுக்கிணையை (ஒன்றோடொன்று முறுக்கப்பட்ட இரு கம்பிகள்) சேர்ந்திருக்க வேண்டும். இரு முனைகளிலும் நிறங்களை இணை இணையாக வெறுமனே வரிசையாக அடுக்கிச் செருகியிருந்தால், தொடர்ச்சி சரியாகவே காட்டினாலும் குறுக்கீட்டால் இணைப்பு தடுமாறும். இந்தக் குறையைக் கண்டறிய நிறங்களைக் கண்ணால் பார்ப்பதுதான் எளிய வழி.